சென்னியப்பன் வீட்டு ஷட்டர்

இரண்டு நாள் பயிற்சி வகுப்பு முடிந்து சென்னியப்பன் வீடு திரும்பிய மறுநாள், ஒரு வைகாசிப் புதன்கிழமை காலையில், அவன் வீட்டு வாசற்கதவு இருந்த இடத்தில் ஷட்டர் இருந்தது. பச்சை நிறம், பத்தடி அகலம், புது கிரீஸ் வாசனை. கடைவீதியில் இரும்புக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் இருக்கிறதே, சுருட்டி மேலே ஏற்றுகிற தகர ஷட்டர், அதேதான். தேக்குக் கதவையும், அதன் பித்தளைக் கைப்பிடியையும், கதவைத் தாங்கி நின்ற நிலையையும், வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் மனைவி வசந்தாமணி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த வாசற்படியையும் காணவில்லை. மேலே புதுப் பலகை ஒன்று, அதில் ‘சென்னியப்பன் குடும்பம்’ என்று பெரிதாகவும், ‘உரிமை: என். சென்னியப்பன்’ என்று சிறிதாகவும், ‘ஞாயிறு விடுமுறை’ என்று சிவப்பிலும் எழுதியிருந்தது. பூட்டு வெளியே தொங்கியது, சாவி பூட்டிலேயே இருந்தது, உள்ளே இருந்தவர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பால் ஊற்றுகிற ருக்குமணியக்காதான் சாவியைத் திருப்பி ஷட்டரைத் தூக்கிவிட்டது. கடகடவென்று அது மேலே சுருண்டதும், உள்ளே பாத்திரத்தோடு நின்ற வசந்தாமணியிடம், “ஏங் கண்ணு, ஷட்டர் போட்டிருக்கறீங்க, ஒரு வார்த்த சொல்லவே இல்லையே?” என்று கேட்டது.

“நேத்து இல்லைங்கக்கா. எந்திரிச்சுப் பாத்தா இருக்குதுங்க.”

“நல்லாத்தான் இருக்குது போ. திருட்டுப் பயமில்ல” என்று சொல்லி, அரை லிட்டர் ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு வந்தது. அடுத்த வீடு என்னுடையது.

கரூரில் எங்கள் ஐந்தாம் கிராஸ் தெருவில் மொத்தம் இருபத்துமூன்று வீடுகள். இதற்காக யாராவது வாயைப் பிளந்தார்களா என்றால் இல்லை. எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி, தகடு எத்தனை கேஜ் கனம். இரண்டாவது, வந்தது வந்ததுதானே, மோட்டார் வைத்ததாக வந்திருக்கக் கூடாதா. ஈரோட்டிலிருந்து வசந்தாமணியின் அண்ணன் வந்து, லாபம் என்று எழுதிய சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து ஷட்டருக்கு முன்னால் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். மீட்டர் பார்க்க வந்தவர் அண்ணாந்து பார்த்தார், ஷட்டர் இருந்தால் கடைதான் என்றார், வீட்டுக் கட்டணத்தைக் கடைக் கட்டணமாக மாற்றி எழுதிக்கொண்டு அடுத்த மீட்டருக்குப் போனார். சென்னியப்பன் அவரோடு சண்டை போடவில்லை, டீ வாங்கிக் கொடுத்தான்.

சண்டை போடாததற்குக் காரணம் உண்டு. சென்னியப்பன் என் வயதுக்காரன், பள்ளியில் ஒரே பெஞ்சு, ஆகையால் அவன் இவன் என்றுதான் எனக்கு வரும். திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற யூனிட் வைத்திருந்தான், பன்னிரண்டு மிஷின், பதினைந்து ஆட்கள். கட்டிங் மாஸ்டர் மகளுக்குக் காதுகுத்து என்றால் முன்பணம் கொடுப்பான், கண் தெரியாமல் போன தையல்காரரை வேலையை விட்டு நிறுத்த மனம் வராமல் நூல் சுற்ற வைத்துச் சம்பளம் கொடுப்பான், நஷ்டம் வந்த வருஷத்திலும் தீபாவளி போனஸ் கொடுத்தான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இவன் கணக்கே பார்க்கவில்லை, உழக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். யூனிட் போயிற்று, மிஷின்கள் போயின, பதினோரு லட்சம் கடன் மட்டும் நின்றது. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல் மாடியில் ‘உங்கள் வாழ்க்கை ஒரு நிறுவனம், நீங்கள் அதன் முதலாளி’ என்ற வகுப்புக்கு, வசந்தாமணியின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டிப் போனான்.

கோட்டுப் போட்ட ஒருவர் அங்கே இவன் கதையைக் கேட்டுவிட்டு, “நீங்கள் கடையை வீடாக நடத்தினீர்கள், கடை போயிற்று. இனி வீட்டைக் கடையாக நடத்துங்கள், வீடு நிற்கும்” என்றாராம். இவன் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டானாம். நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அழுத அழுகையைக் கேட்டுத்தான் ஷட்டர் வந்திருக்கும் என்று என் மனைவி பரிமளா சொல்வாள். எனக்குத் தெரியாது. வந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பின்பக்கத்துப் பொடக்காளிக் கதவு சுவராகி, சுவரில் தகர அலமாரி முளைத்திருந்தது. அடுத்த வாரம் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, உத்தரத்துக்குப் பக்கத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் நின்றது. சரக்கு ஏற்றி இறக்குகிற மாதிரி வாசலில் ஒரு சிமெண்டுச் சரிவு வந்தது. சாமி மாடத்துக்குக் கீழே கல்லா மேஜை வந்தது. வெள்ளிக்கிழமை வாசற்படி இல்லாததால் வசந்தாமணி ஷட்டரின் அடிச்சட்டத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். காலையில் ஷட்டரைத் தூக்கியபோது மஞ்சளும் குங்குமமும் அப்படியே மேலே போய்ச் சுருளுக்கு அடியில் மறைந்தன. அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

சென்னியப்பன் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகையைக் கூடத்தில் மாட்டினான். துவரம்பருப்பு ஒரு டம்ளர் கைமாற்றாக வாங்கப் போன பரிமளாவிடம், கல்லாவில் உட்கார்ந்தபடி, “நூறு கிராம் பதினெட்டுங்க. நம்ம மாப்ள வூடுங்கறதால பதினேழு போட்டுக்கறனுங்க” என்றான். பரிமளா சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு, பத்து வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து எத்தனை டம்ளர் பருப்பு கைமாற்றாகப் போய்த் திரும்பாமல் இருக்கும் என்று யோசித்தேன். அன்றைக்கே எனக்குள்ளும் ஷட்டரின் முதல் தகடு இறங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

அவன் அதை அக்கறையாகத்தான் நடத்தினான், அதையும் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்தால் போவதால் வரவா செலவா என்று பார்த்துப் போனான், டி.வி.க்கு மணிக்கணக்கு வைத்தான், ஒன்பதாவது படிக்கிற மகள் கனிஷ்காவின் மார்க்கைப் போன மாத மார்க்கோடு ஒப்பிட்டுச் சுவரில் கோடு வரைந்தான். காலை ஆறரையிலிருந்து ஆறே முக்கால் வரை மனைவியோடு மீட்டிங் என்று வைத்தான். வசந்தாமணி பரிமளாவிடம், “பதினெட்டு வருசத்துல என்ற கூட எதுக்கால உக்காந்து கா மணி நேரம் பேசுனதில்லைங்கக்கா. இப்பத்தான் பேசறாருங்க” என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்திருந்ததாம். வெறும் கெடுதலாக வந்திருந்தால் நாங்கள் கதவைத் தேடியிருப்போம், இப்படி நல்லதையும் சேர்த்துக் கொண்டுவந்ததால் தேடவில்லை.

இந்த ஏற்பாட்டில் பொருந்தாமல் நின்றது ஒரே ஓர் ஆள், சென்னியப்பனின் அப்பா நாச்சிமுத்து. எண்பத்தோரு வயது, மூட்டுத் தேய்ந்த கால். அந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், இல்லாத வாசற்படியைத் தாண்டுவதற்காகக் காலை ஒரு முழம் தூக்குவார். தூக்கிய கால் எதிர்பார்த்த உயரத்தில் தரை கிடைக்காமல் தடுமாறும். ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “நெலவு எங்கடா சாமி? நெலவில்லாத வூட்டுல கால வெக்கத் தெரிய மாட்டேங்குதடா” என்பார், வாசல் நிலைக்கு எங்கள் பக்கம் நெலவு என்று பேர். நாளைக்கு நாலு தடவை, இல்லாத படியில் தடுக்கினார்.

ஆடி வந்தது. ஆடியில் கடைக்காரன் என்ன செய்வான், தேங்கிக் கிடக்கிற சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவான். சென்னியப்பன் பழைய பீரோவைத் தள்ளினான், ஆட்டுக்கல்லைத் தள்ளினான், மாமியார் சீதனமாகக் கொடுத்த தையல் மிஷினைத் தள்ளினான். ஆடி பதினெட்டுக்கு மறுநாள், தாராபுரத்தில் இருக்கிற தங்கைக்குப் போன் பண்ணி, அப்பாவை அனுப்பி வைப்பதாகவும், அவரோடு கயிற்றுக் கட்டிலும் டேபிள் ஃபேனும் சேர்த்து வரும் என்றும், அதற்குத் தனியாக எதுவும் வேண்டாம் என்றும் சொன்னான். டெம்போவில் கட்டிலை ஏற்றி, கட்டில்மேல் அவரையும் ஏற்றினார்கள். நாச்சிமுத்து வெளியே வரும்போது கடைசித் தடவையாகக் காலைத் தூக்கித் தாண்டிவிட்டு, “ஆடி முடிஞ்சதீம் வந்தர்றன் கண்ணு” என்று பேத்தியிடம் சொன்னார்.

ஆடி முடிந்தது, யாரும் கூப்பிடவில்லை. ஆவணியில், பெயர்ப் பலகையை மறைக்கிறது என்று வாசல் வேப்பமரத்தை வெட்டினார்கள். ஆயுத பூஜை வந்தது, மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், கல்லா எல்லாவற்றுக்கும் சென்னியப்பன் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரும்போது, வசந்தாமணி விளையாட்டாகத் தன் இரண்டு கைகளையும் நீட்டி, “ஏனுங்க, இதுக்கும் வெச்சுருங்க. வருசம் பூரா ஓடறது இதுதானுங்க” என்றாள். அவன் சிரிப்பான் என்று நினைத்துத்தான் நீட்டினாள். அவன் சிரிக்காமல், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, ஒழுங்காக வைத்துவிட்டு, புதிதாக ஓட்டத் தொடங்கியிருந்த ஆட்டோவுக்கு வைக்கப் போய்விட்டான். அன்று முழுவதும் அவள் கை கழுவவில்லையாம், கழுவினால் அழுதுவிடுவாள் போலிருந்ததாம். தீபாவளிக்கு அவளுக்குப் போனஸ் கவரில் வந்தது.

தை மாதம் சென்னியப்பனின் கடன் அடைந்தது. பதினோரு லட்சமும், வட்டியோடு, எட்டு மாதத்தில். பள்ளிக்கு ஆட்டோ ஓட்டினான், மாடியை நூல் குடோனாக வாடகைக்கு விட்டான், சுவரை விளம்பரத்துக்கு விட்டான், ஒரு ரூபாய் ஷட்டரைத் தாண்டி வெளியே போகவில்லை. கடன் மாதாமாதம் கரைவதைப் பார்த்த தெருவுக்குச் சும்மா இருக்க முடியுமா? கார்த்திகையிலேயே என் வீட்டுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்துவிட்டது. பங்குனிக்குள் இருபத்துமூன்று வீட்டுக்கும் வந்துவிட்டது. யாரும் பட்டறையில் சொல்லிப் போடவில்லை. கைமாற்றுக் கிடையாது என்று ஒருவர் முதல்முறை சொல்கிற நாளுக்கு மறுநாள் காலையில் அது வந்து நிற்கும், இரண்டொரு வாரத்தில் அந்த வீட்டுப் பின்கதவும் ஜன்னல்களும் சுவராகிவிடும். ஓய்வுபெற்ற கண்டக்டர் வீட்டுக்குச் சிவப்பு வந்தது, டியூஷன் டீச்சர் வீட்டுக்கு மஞ்சள் வந்தது, பக்கத்துத் தெருவில் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். விருந்தாளிகள் வருவது நின்றது. பிச்சைக்காரர்கள் எங்கள் தெருவைத் தாண்டி ஆறாம் கிராஸுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். மீட்டர் பார்க்கிறவருக்கு மட்டும் வேலை சுலபமாயிற்று.

ஷட்டரில் ஒரு சங்கடம் இருந்தது, அதையும் நாங்கள் சங்கடமாக நினைக்கவில்லை. வீட்டுக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கும். கடை ஷட்டருக்கு உள்ளே எதுவும் கிடையாது. இழுத்து விட்டு, வெளியே குனிந்து பூட்ட வேண்டும், ராத்திரியில் பூட்டாமல் இறக்கி மட்டும் வைத்துக்கொள்வோம். கடையைப் பூட்டிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போவான், சரி. வீட்டைப் பூட்டிவிட்டு முதலாளி எங்கே போவான் என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பலகையில் எழுதியபடி விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் தானாகவே இறங்கிவிடும். பெண்டுபிள்ளைகளை உள்ளே விட்டு, ஆண்கள் வெளியே நின்று பூட்டுவோம், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாலை வரைக்கும் ஊரைச் சுற்றுவோம். பெண்களுக்கும் அது முதலில் பிடித்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் மாமனும் மச்சானும் வராமல், காப்பி கேட்க ஆள் இல்லாமல், கால் நீட்டிப் படுக்கலாமே. பரிமளாவே சொன்னாள், “ஞாயித்துக்கெழமதான் எனக்கு உசுரு வருது.”

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கினி நட்சத்திரத்தில் வந்தது. கோட்டுக்காரர் அதே ஓட்டல் மாடியில் சென்னியப்பனுக்குப் பாராட்டு வைத்திருந்தார், அவனே பேசப் போகிறான், தெரு ஆண்கள் இருபத்துமூன்று பேரும் போனோம். நான் மூன்றாவது வரிசை. வாசலில் ஒரு கூடை வைத்து எல்லார் செல்போனையும் அணைத்து வாங்கிக்கொண்டார்கள், வகுப்பின் சட்டம் அது. மேடையில் சென்னியப்பன் நன்றாகப் பேசினான். பொய் எதுவும் சொல்லவில்லை.

பதினொன்றரை மணிக்கு நாச்சிமுத்து எங்கள் தெருவில் ஆட்டோவில் வந்து இறங்கினார். தாராபுரத்திலிருந்து பஸ், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. கையில் பனை ஓலையில் கட்டிய நொங்கு, உரித்தது, பன்னிரண்டு. பேத்திக்கு நொங்கு என்றால் உயிர், போன வருஷம் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பரிமளா சொல்லி எனக்குத் தெரிந்தது. எங்கள் ஷட்டருக்கு உள்ளே இருந்து அவள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறாள்.

“சென்னீ… சாமீ…”

“மாமா! நீங்களுங்களா?” வசந்தாமணி உள்ளேயிருந்து ஓடிவந்து தகரத்தில் கை வைத்திருக்கிறாள். “அவரு மீட்டிங் போயிருக்கறாருங்க மாமா. சாவி அவருகிட்டத்தான் இருக்குதுங்க. உள்ளருந்து தொறக்க வராதுங்க.”

“செரி அம்முணி. தொறக்கறப்ப தொறக்கட்டும். நான் இப்பிடியே உக்கார்றன்.”

“வெயிலுங்க மாமா. ஆட்டோ இருந்தா அப்படியே மீட்டிங் நடக்கற எடத்துக்கு…”

“ஆட்டோக்காரன் போயிட்டான் கண்ணு. காலு வராது. பரவால்ல, நெழல் இருக்குது.”

நிழல் இல்லை. மரத்தைத்தான் வெட்டியாகிவிட்டதே. தெருமுனை டீக்கடைக்கும் ஞாயிறு விடுமுறை. அவர் சிமெண்டுச் சரிவில் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்தார், உள்ளே மருமகளும் பேத்தியும் அதே ஷட்டரில் மறுபக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தகரம் சுட்டது. வசந்தாமணி சென்னியப்பனுக்கு இருபத்தாறு தடவை போன் அடித்தாள். பரிமளா எனக்கு ஒன்பது தடவை அடித்தாள். அணைந்த போன்கள் எல்லாம் ஒரே கூடையில் கிடந்தன. ஈரோட்டு அண்ணன் மட்டும் எடுத்து, உடனே கிளம்புகிறேன் என்றார், பஸ் கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது மணி நான்கு.

பன்னிரண்டு மணிக்கு அவர் தண்ணீர் கேட்டார். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது, “சித்த தண்ணி இருந்தாத் தேவல” என்றார். அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் போகிற சந்துதான். டம்ளர் போகவில்லை, தட்டுப் போகவில்லை. வசந்தாமணி குடத்தைச் சாய்த்து, சந்து வழியாகத் தண்ணீரை ஊற்றினாள். “கைய வெச்சுப் புடிங்க மாமா, ஊத்தறன். வருதுங்களா?”

“வருது அம்முணி.”

“குடிச்சீங்களா?”

“குடிச்சன் கண்ணு. போதும், போதும்.”

அவள் இரண்டு குடம் ஊற்றினாள். அரைமணிக்கு ஒருமுறை கேட்டாள், அரைமணிக்கு ஒருமுறை அவர் குடித்தேன் என்றார். தெருவில் இருபத்துமூன்று ஷட்டருக்கு உள்ளேயும் பெண்கள் உட்கார்ந்து அந்தக் கிழவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் மனைவி தாராபுரத்தில் மழை உண்டா என்று கேட்டார், டீச்சர், அவர் மகள் வீட்டுப் பேரன்களைப் பற்றிக் கேட்டார், எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். பேசிக்கொண்டிருக்கிற மனிதனுக்காக யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. கனிஷ்கா தாத்தாவிடம், “அப்பாரு, நீங்க நொங்கு சாப்புடுங்க. தாகத்துக்கு நல்லாருக்கும்” என்றாள்.

“உனக்கு வாங்குனது சாமி.”

“எனக்கு வேண்டாம், நீங்க சாப்புடுங்க அப்பாரு.”

“நீ திங்கறத நான் பாக்க வேண்டாமா?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “வெயில்ல வெந்துரும் கண்ணு. உங்கப்பன் தொறந்ததீம் மொதல்ல இத எடுத்து உள்ள வெய்யி” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அசந்துவிட்டார், பாவம், தூங்கட்டும் என்று எல்லாரும் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

மூன்றே காலுக்கு நாங்கள் வந்தோம். சென்னியப்பன் தோளில் பொன்னாடை, கையில் கண்ணாடிக் கேடயம். ஷட்டரில் சாய்ந்திருந்த அப்பாவைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். அவன் சொன்ன முதல் வார்த்தையை நான் பக்கத்திலிருந்து கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். “ஏப்பா, ஞாயித்துக்கெழம லீவுன்னு போர்டுல போட்டிருக்குதல்ல?” என்றான். சொல்லிக்கொண்டே குனிந்து தோளைத் தொட்டான். கேடயம் சிமெண்டில் விழுந்து உடைந்தது.

அவன் சாவியைத் திருப்பி ஷட்டரைத் தூக்கினான், அது இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கியும் ஏறவில்லை. அதே நேரத்தில் தெரு முழுக்கக் கடகடவென்று சத்தம். மற்ற இருபத்திரண்டு ஷட்டர்களும் தாமாகவே எழும்பி, பாதியில் நின்றன. சாவு ஊர்வலம் போகும்போது கடைவீதியில் கடைக்காரர்கள் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கி நிற்பார்களே, அந்த உயரம். வசந்தாமணி தவழ்ந்து வெளியே வந்தாள். கையில் சொம்பு நிறையத் தண்ணீர். அவர் தலையை மடியில் தூக்கி வைத்து வாயில் ஊற்றினாள். அது கடைவாய் வழியாக இறங்கிச் சரிவில் ஓடி, ஒரு சாண் தூரத்தில் காய்ந்து போயிற்று. மத்தியானத்திலிருந்து அவள் ஊற்றியதெல்லாம் அந்த ஒரு சாணுக்குள்தான் காய்ந்திருக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தெரிந்தது. அவர் உதட்டில் ஈரமே இல்லை, உள்ளங்கை நிறையச் சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது.

“குடிச்சேன்னு சொன்னீங்களே மாமா” என்றாள். சத்தமாக அழவில்லை, அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஓலையைப் பிரித்து நாங்கள் நொங்கை எண்ணிப் பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்தில்கூட எண்ணுகிறவர்களாக ஆகியிருந்தோம். பன்னிரண்டும் இருந்தன.

உடலை வீட்டுக்குள் கிடத்துவதற்கு எல்லாரும் குனிந்து, அவரையும் குனிந்தபடியே கொண்டுபோனோம். மறுநாள் குனிந்தே வெளியே கொண்டுவந்தோம். ஊர்வலம் தெருவைத் தாண்டியதும் ஷட்டர்கள் ஏறிவிடும் என்று நினைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் ஏறும் என்று நினைத்தோம். வெல்டரைக் கூட்டி வந்தோம், கிரீஸ் போட்டோம், ஜாக்கி வைத்தோம், தகடு வளைந்தது, ஏறவில்லை. இறங்கவும் இல்லை. சென்னியப்பன் பெயர்ப் பலகையைக் கழற்றி உடைத்தான், காலையில் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் என்னிடம், “கணக்கு சரியாத்தான் மாப்ள இருந்துச்சு. எங்கயும் தப்பில்ல. நாலு தடவ போட்டுப் பாத்துட்டன்” என்றான். அவன் கடன் இல்லாத மனிதன், எங்கள் தெருவில் இப்போது யாருக்கும் கடன் இல்லை.

எங்கள் தெருவில் எல்லாரும் குனிந்துதான் சொந்த வீட்டுக்குள் போகிறோம், குனிந்துதான் வருகிறோம். கனிஷ்கா நொங்கு தின்பதில்லை. வசந்தாமணி தெரு ஆண்களோடும் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை, காலை மீட்டிங்கில் சென்னியப்பன் எதிரே கால்மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். தினமும் பதினொன்றரை மணிக்கு ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி, மூடி, மேலே டம்ளர் கவிழ்த்து, ஷட்டருக்கு வெளியே சரிவின் ஓரத்தில் வைக்கிறாள். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்து பார்க்கிறாள். வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கிறது. எங்கள் தெருவுக்கு இப்போது தாகத்தோடு யாரும் வருவதில்லை.